கருவிலிருந்து பள்ளிக்கூட வாசல் வரை: தாய்மார் என்னிடம் அதிகம் கேட்ட கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளைப் பக்கம் குடும்பநல உத்தியோகத்தராக இருபத்தாறு வருடம் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறேன். காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கைகளில் நான் படியேறாத தொடர்மாடி குறைவு. ஓய்வு பெற்ற பிறகும் சந்தையில், கோயில் வாசலில், இரவு பத்து மணிக்குப் போனில் அதே கேள்விகள்தான் வருகின்றன. அதனால் எல்லாவற்றையும் ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பிள்ளையின் சுகாதாரப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசியுங்கள். இதை வாசித்தோம்தானே என்று கிளினிக்குக்குப் போகாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மிஸ், டொக்டர் ஆறு கிழமைப் பிள்ளை எண்டு எழுதியிருக்கிறார். அவர் கட்டாரிலயிருந்து வந்தே நாலு கிழமைதான். கணக்கு பிழையோ?

கணக்கு சரி. கருவின் வயதைக் கடைசி மாதவிலக்கு தொடங்கிய நாளிலிருந்துதான் எண்ணுகிறார்கள். முட்டை எந்த நாளில் வெளிவந்தது என்று யாருக்கும் தெரியாது. மாதவிலக்கு வந்த திகதி பெரும்பாலும் நினைவிருக்கும். 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருகிறவருக்கு ஏறக்குறைய 14ஆம் நாள் முட்டை வெளிவரும். ஆகவே கரு உண்டாவதற்கு முந்திய இரண்டு கிழமையும் கணக்கில் சேர்ந்துவிடுகிறது. 40 கிழமை, அதாவது 280 நாள் என்று சொல்கிறோமே, அதில் பிள்ளையின் உண்மையான வயது 266 நாள்தான்.

இந்த இரண்டு கிழமையால் ஒரு வீட்டில் மூன்று நாள் அடுப்பு எரியவில்லை. மாமியார் சுவர்க் கலண்டரில் விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தார். மருமகள் அறைக்குள் அழுதுகொண்டிருந்தாள். நான் அதே கலண்டரைக் கழற்றி மேசையில் வைத்து, மாதவிலக்கு வந்த நாளையும் மகன் வந்திறங்கிய நாளையும் பேனையால் வட்டமிட்டுக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் தேத்தண்ணி வைத்தார்கள். உங்கள் வீட்டில் யாராவது இப்படி எண்ணினால், தயவுசெய்து இதை அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள்.

சேர்ந்த அண்டைக்கே பிள்ளை தங்கிடுமா?

இல்லை, சில நாள் எடுக்கும். வெளிவந்த முட்டை 12 முதல் 24 மணித்தியாலம் வரைதான் உயிரோடிருக்கும். விந்தணு தாயின் உடலுக்குள் ஐந்து நாள் வரை தாங்கும். இரண்டும் சந்திப்பது கருப்பைக்குள் அல்ல, அதற்குப் போகும் குழாயில். பரம்பரைக் குணங்களைக் காவும் நிறமூர்த்தம் (குரோமோசோம்) தாயிடமிருந்து 23, தகப்பனிடமிருந்து 23, மொத்தம் 46. அந்த ஒற்றைக் கலம் இரண்டாகி, நாலாகி, எட்டாகிக்கொண்டே குழாய் வழியாக மெல்ல இறங்குகிறது. ஐந்தாம் நாளளவில் உள்ளே வெளி விழுந்த சிறு பந்துபோல் இருக்கும். ஆறாம் நாளுக்கும் பத்தாம் நாளுக்கும் இடையில் கருப்பைச் சுவரில் பதியும்.

பதிந்த பிறகுதான், பார்மசியில் வாங்கிச் சிறுநீரில் பார்க்கிறோமே, அந்தச் சோதனையில் தெரியும் ஓமோன் சுரக்கத் தொடங்குகிறது. அவசரப்பட்டு முன்னரே பார்த்து “இல்லை” என்று வந்தால் மனம் உடைய வேண்டாம். மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு பாருங்கள்.

மூண்டும் பொம்பிளைப் பிள்ளை. மாமி என்னைத்தான் குறை சொல்லுறா.

தாயின் முட்டையில் எப்போதும் எக்ஸ் நிறமூர்த்தம்தான் இருக்கும். தகப்பனின் விந்தணுக்களில் ஏறக்குறையப் பாதியில் எக்ஸ், மற்றப் பாதியில் வை. வை முந்தினால் ஆண், எக்ஸ் முந்தினால் பெண். கரு உண்டான அந்த நொடியிலேயே விஷயம் முடிந்துவிடுகிறது. பிறகு தாய் எதைச் சாப்பிட்டாலும் எந்தப் பக்கம் சரிந்து படுத்தாலும் மாறாது. தகப்பனையும் குற்றம் சொல்ல இதில் எதுவும் இல்லை. எது முந்தும் என்பது அவர் கையிலும் இல்லை. ஆனால் மூன்றாவது பெண்பிள்ளையைப் பெற்ற தாயிடம் முகம் திருப்பிக்கொண்ட வீடுகளைப் பார்த்திருக்கிறேன். அது அநியாயம்.

போலிக் அசிட் குளிசையைப் பிள்ளை தங்கினபிறகு குடிச்சால் காணாதா?

பலருக்கு அப்போது பிந்திவிடுகிறது. மூளையும் முள்ளந்தண்டு நரம்பும் முதலில் ஒரு தட்டையான தகடுபோல இருக்கும். அதன் இரு ஓரங்களும் மடிந்து மேலே வந்து ஒட்டிக்கொண்டு குழாயாகும். ரொட்டி மாவைத் தட்டி இரு பக்கமும் மடித்துச் சுருட்டுகிறோமே, அந்த மாதிரி. கரு உண்டாகி 28ஆம் நாளளவில் இந்தக் குழாய் முழுவதும் மூடிவிட வேண்டும். அதற்குத்தான் போலிக் அசிட் என்ற விற்றமின் உதவுகிறது. எங்காவது மூடாமல் போனால் முதுகில் பிளவோடு பிள்ளை பிறக்கலாம். தலைப்பக்கம் மூடாவிட்டால் பிள்ளை பிழைப்பதில்லை.

முதல் கேள்வியில் சொன்ன கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். 28ஆம் நாள் என்றால் கிளினிக் கணக்கில் ஆறு கிழமை. மாதவிலக்கு தள்ளிப்போய், சந்தேகப்பட்டு, சோதித்து, லீவு எடுத்து கிளினிக்குக்கு வரும்போது அநேகமாக ஏழு, எட்டுக் கிழமை ஆகிவிடும். அதனால்தான் கலியாணம் முடித்த உடனேயே குளிசையைத் தருகிறோம். பிள்ளைக்கு நினைக்கும்போதே, குறைந்தது ஒரு மாதம், முடிந்தால் மூன்று மாதம் முன்னராகவே தொடங்குங்கள். ஏற்கெனவே அப்படி ஒரு பிள்ளை பெற்ற தாய்மாரிடம் செய்த பெரிய ஆய்வொன்று 1991இல் வெளிவந்தது. போலிக் அசிட் எடுத்தவர்களுக்கு மறுபடி அப்படி நேர்வது 72 சதவீதம் குறைந்திருந்தது. அவர்களுக்குக் கொடுத்த அளவு பெரியது. உங்களுக்கும் அப்படி நேர்ந்திருந்தால் அளவை டொக்டரிடம் கேட்டே எடுங்கள்.

ஏழாம் கிழமை ஸ்கேனில இதயம் துடிச்சுது. அப்ப கை கால் எல்லாம் வந்திருக்குமா?

அரும்பு விட்டிருக்கும். கரு உண்டாகி 22ஆம் நாளளவிலேயே இதயக் குழாய் துடிக்கத் தொடங்குகிறது. நீங்கள் ஸ்கேனில் பார்த்தபோது பிள்ளை ஒரு சென்ரிமீற்றர் அளவுதான். கைகால்கள் சிறு துடுப்புப்போல நீட்டிக்கொண்டிருக்கும்; விரல்கள் இனித்தான் பிரியும். கிளினிக் கணக்கில் பத்தாவது கிழமை முடியும்போது உறுப்புகள் எல்லாவற்றுக்கும் அடித்தளம் போட்டாகிவிடும். அதற்குப் பிறகு பெரும்பாலும் வளர்வதும் முதிர்வதும்தான். ஆகவே மருந்தோ மதுவோ சிகரெட் புகையோ ஜேர்மன் சின்னமுத்துப் போன்ற கிருமியோ அதிகம் கெடுக்கக்கூடிய காலம் இந்த முதல் பத்துக் கிழமைதான். வழக்கமாகக் குடிக்கும் வலிப்பு மருந்து, பிரஷர் மருந்து இருந்தால் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், கேட்காமல் தொடரவும் வேண்டாம்.

குங்குமப்பூப் பால் குடிச்சால் பிள்ளை வெள்ளையாப் பிறக்குமா?

பிறக்காது. தோலின் நிறம் தாய் தகப்பனிடமிருந்து வந்த மரபணுக்களின் வேலை. அந்தச் சின்ன டப்பாவுக்குக் கொடுக்கும் காசுக்கு முட்டையும் நெத்தலியும் கீரையும் வாங்கிச் சாப்பிடுங்கள். கறுப்புப் பிள்ளையும் அழகான பிள்ளைதான்.

இருபது கிழமையாகுது, இன்னும் அசைவு தெரியேல்ல.

முதல் பிள்ளைக்கு 18 முதல் 20 கிழமைக்குள் தெரியத் தொடங்கும். இன்னும் சிறிது பிந்தினாலும் வியப்பில்லை. சூல்வித்தகம் (நஞ்சுக்கொடி) முன்பக்கம் இருந்தால் அது மெத்தைபோல அசைவைத் தடுத்துவிடும். பிள்ளை உள்ளே பல கிழமையாக அசைந்துகொண்டுதான் இருக்கும், உங்களுக்கு எட்டவில்லை, அவ்வளவுதான். முதலில் துள்ளலாகத் தெரியாது. வயிற்றுக்குள் காற்று ஓடுவதுபோல், மீன் வாலடிப்பதுபோல் இருக்கும். 24 கிழமையாகியும் ஒன்றுமே தெரியாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

பிந்திய மாதங்களில் கதை வேறு. நன்றாக அசைந்துகொண்டிருந்த பிள்ளையின் அசைவு குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரவென்றும் பார்க்க வேண்டாம். “எட்டாம் மாதத்தில் இடம் காணாது, அப்படித்தான்” என்று பெரியவர்கள் சொன்னாலும் போங்கள். போய்ப் பார்த்து ஒன்றுமில்லை என்று திரும்பி வந்தவர்களை யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

வயித்துக்குள்ள இருக்கிற பிள்ளைக்கு நாங்க கதைக்கிறது கேக்குமா?

கேட்கும். ஆறாம் மாதம் தாண்டும்போது சத்தத்துக்குத் துடிப்பும் அசைவும் மாறுவதைப் பார்க்கலாம். எல்லாவற்றையும்விட நன்றாக எட்டுவது தாயின் குரல். அது காற்று வழியாக மட்டுமல்லாமல் எலும்பும் தசையும் வழியாகவும் போகிறது. 1980இல் டிகாஸ்பர், ஃபைஃபர் என்ற இருவர் பிறந்து மூன்று நாளும் ஆகாத குழந்தைகளின் வாயில் சூப்பியைக் கொடுத்து, ஒரு விதமாக உறிஞ்சினால் தாயின் குரலும் மறுவிதமாக உறிஞ்சினால் இன்னொரு பெண்ணின் குரலும் கேட்கும்படி வைத்தார்கள். குழந்தைகள் தாயின் குரல் வரும்படி உறிஞ்சின. மூன்று நாளுக்குள்!

கடற்கரை ரயில் பாதையோரம் ஒரு வீட்டில் பத்து நாள் பிள்ளையை நிறுத்துக்கொண்டிருந்தேன். பாணந்துறை ரயில் ஜன்னல் கண்ணாடி அதிரப் போனது. பிள்ளை இமைகூட அசைக்கவில்லை. மேசையில் கரண்டி ஒன்று விழுந்ததும் இரண்டு கையையும் விரித்துத் துள்ளியது. ரயில் அதற்கு வயிற்றுக்குள்ளேயே பழக்கம், கரண்டிதான் புதிது என்று தாயிடம் சொன்னேன். ஆகவே கதையுங்கள், தேவாரம் பாடுங்கள், தகப்பனையும் கதைக்கச் சொல்லுங்கள். வயிற்றில் ஹெட்போன் வைத்து அழுத்த வேண்டாம்.

நாங்க மச்சானும் மச்சாளும். பிள்ளைக்கு ஏதும் வருமா?

பொதுவாக நூறு பிள்ளைகளில் இரண்டு மூன்று பேருக்குப் பிறவிக் குறை ஏதாவது இருக்கும். சொந்த மச்சான் மச்சாள் கலியாணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. அதாவது பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகவே பிறக்கிறார்கள். ஆபத்து வருவது இருவரும் ஒரே பழுதான மரபணுவை ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வாங்கி, நோயில்லாமல் காவிக்கொண்டிருக்கும்போது. அப்படியானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு சாத்தியம். தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய் அந்த வகை. இரத்தப் பரிசோதனை ஒன்றிலேயே காவுகிறீர்களா என்று தெரிந்துவிடும். கலியாணத்துக்கு முன் செய்வது நல்லது. குடும்பத்தில் சிறு வயதில் இறந்த பிள்ளைகள், பிறவியிலேயே காது கேளாதவர்கள் இருந்தால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள்.

என்ர பிள்ளை முப்பத்திரண்டு கிழமையில பிறந்தது. ஆறு மாதமாகியும் தலை சரியா நிக்கேல்ல. பயமாயிருக்கு.

முதலில் வயதைத் திருத்திப் போடுவோம். 40 கிழமைக்கு எட்டுக் கிழமை முந்திப் பிறந்திருக்கிறது. ஆறு மாதத்திலிருந்து அந்த இரண்டு மாதத்தைக் கழித்தால், வளர்ச்சியைப் பார்க்க உங்கள் பிள்ளைக்கு நாலு மாதம்தான். நாலு மாதத்தில் கழுத்து அப்போதுதான் உறுதியாகும். இரண்டு வயது வரை இப்படிக் கழித்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் பிறந்த திகதிதான் கணக்கு. இரண்டு, நாலு, ஆறு மாத ஊசிகளைத் தள்ளிப்போடாதீர்கள்.

முந்திப் பிறந்த பிள்ளைக்கு முதல் ஆபத்து நுரையீரலில். அங்குள்ள சின்னச் சின்னக் காற்றுப் பைகள் மூச்சு விட்டதும் சுருங்கி ஒட்டிப்போகாமல் காக்க வழுவழுப்பான ஒரு பொருள் சுரக்கும். அது போதிய அளவு வருவது 34, 35 கிழமையளவில்தான். குறைமாதத்தில் வலி வந்தால் தாய்க்கு ஒரு ஸ்டீரொயிட் ஊசி போடுகிறார்களே, அது இந்தச் சுரப்பை விரைவுபடுத்தத்தான். நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற மருத்துவர்கள் 1972இல் அதை நிறுவினார்கள். உங்களுக்கும் போட்டிருப்பார்கள், கிளினிக் அட்டையைப் பாருங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு, பிள்ளையைத் தோலோடு தோலாக நெஞ்சில் அணைத்து வைத்திருங்கள். சூடு தங்கும், பாலும் ஊறும். தகப்பனும் செய்யலாம். செய்த தகப்பன்மாரின் முகத்தை நான் மறக்கவில்லை.

பிறக்கேக்க மூண்டு கிலோ. வீட்ட வந்து நிறுத்தால் குறைஞ்சிருக்கு. என்ர பால் காணாதோ?

முதல் சில நாளில் பத்தில் ஒரு பங்கு வரை குறைவது இயல்பு; இரண்டு கிழமைக்குள் பழைய நிறைக்கு வந்துவிடும். ஐந்தாறு மாதத்தில் பிறந்த நிறையின் இரட்டிப்பு, ஒரு வயதில் மும்மடங்கு. ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்தால் பால் போகிறது என்று அர்த்தம். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தால், அல்லது பிள்ளை சோர்ந்து பாலுக்கு எழும்பாவிட்டால், அன்றே காட்டுங்கள்.

சுகாதாரப் புத்தகம் ஆண்பிள்ளைக்கு நீலம், பெண்பிள்ளைக்கு ரோஸ். உள்ளே இருக்கும் வரைபில் மாதாமாதம் புள்ளி வைக்கிறோம். ஒரு புள்ளியைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மகிழவும் வேண்டாம். புள்ளிகளை இணைக்கும் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். சின்னப் பிள்ளை சின்னக் கோட்டிலேயே ஒழுங்காக ஏறினால் அது நல்ல பிள்ளை. மேலே போய்க்கொண்டிருந்த கோடு இரண்டு மாதம் படுத்துவிட்டால் அப்போதுதான் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கன்னத்தை இதற்குள் கொண்டுவராதீர்கள்.

உச்சியில துடிக்குது. எண்ணெய் வைக்காட்டி மூடாதெண்டு அம்மம்மா சொல்லுறா.

அம்மம்மா ஆசையாக வைக்கட்டும், அழுத்தாமல். ஆனால் அது எண்ணெயால் மூடுவதில்லை. மண்டையோட்டு எலும்புகள் பிரசவ வழியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெகிழவும், முதல் வருடம் வேகமாகப் பெருக்கும் மூளைக்கு இடம் கொடுக்கவும்தான் அந்த இடைவெளி. பின்னால் உள்ளது இரண்டு மூன்று மாதத்தில் மூடும். முன்னால் உள்ளது 9 முதல் 18 மாதத்துக்குள். குழி உள்ளே இறங்கியிருந்தால் உடலில் தண்ணீர் குறைவு. அழாதபோதும் புடைத்து நின்றால், காய்ச்சலும் இருந்தால், உடனே ஆஸ்பத்திரி.

கொழும்பு வெக்கைக்கு மூண்டு மாதப் பிள்ளைக்குக் கொஞ்சம் தண்ணி குடுக்கலாம்தானே?

வேண்டாம். தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆறு மாதம் முடியும்வரை தண்ணீர், கொத்தமல்லி அவித்த தண்ணீர், பழச்சாறு எதுவும் வேண்டாம். சின்ன வயிறு தண்ணீரால் நிரம்பினால் பால் குறையும், வயிற்றோட்டமும் வரலாம். வெயில் நாளில் அடிக்கடி பால் கொடுங்கள். தேனை ஒரு வயது வரை நாவில் தொட்டும் வைக்க வேண்டாம். பொன்னுரைத்துத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கும் இதைச் சொல்கிறேன். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்துக்கள் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு சுரக்கும். தசைகள் சோர்ந்து மூச்சே நிற்கலாம்.

பத்து மாதமாகுது, ஒரு பல்லும் இல்லை. எப்ப பல்லுக்கொழுக்கட்டை கொட்டுறது?

முதல் பல் ஆறு மாதமளவில் வரும் என்பது சராசரிதான். ஒரு வயதுக்குப் பிறகு முளைத்த பிள்ளைகளும் உண்டு. பெரும்பாலும் தாய் அல்லது தகப்பனுக்கும் பிந்தியிருக்கும். பதினெட்டு மாதமாகியும் ஒன்றுமில்லை என்றால் காட்டுங்கள். பல் இல்லாததால் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டாம். முரசாலேயே பிள்ளை நன்றாக மெல்லும்.

ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். “பல்லுக்குக் காய்ச்சல்” என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். பல்லால் உடம்பு கொஞ்சம் சுடலாம், கடும் காய்ச்சல் வராது. டெங்கு உள்ள நகரத்தில் இருக்கிறோம்.

கொழுக்கட்டை கொட்டும் நாளில் தட்டில் புத்தகமும் பேனையும் நகையும் வைப்பார்கள். பிள்ளை எதை எடுக்கிறது என்று எல்லோரும் பார்ப்போம். அடுத்த முறை விரல்களையும் கவனியுங்கள். ஏழு மாதத்தில் உள்ளங்கையால் வாரி எடுக்கும். பத்து மாதமளவில் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, விழுந்த ஒரு தேங்காய்ச் சொட்டைக் கிள்ளி எடுக்கும். அந்தக் கிள்ளலில் நரம்பின் வளர்ச்சி கண்ணுக்கே தெரிகிறது. சொட்டு வாய்க்குப் போகுமுன் வாங்கிவிடுங்கள்.

தவழவே இல்லை, நேரா எழும்பி நிக்கிறான். அது குறையா?

குறை இல்லை. உலக சுகாதார நிறுவனம் ஐந்து நாடுகளில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட கணக்கில், நூற்றில் நாலு பிள்ளைகள் முழங்காலில் தவழாமலே நடந்திருக்கிறார்கள். பிடிக்காமல் இருப்பது 3.8 முதல் 9.2 மாதம் வரை. தனியாக நடப்பது 8.2 முதல் 17.6 மாதம் வரை. இந்த இடைவெளியைப் பாருங்கள்: எட்டு மாதத்தில் நடந்ததும் சரி, பதினேழு மாதத்தில் நடந்ததும் சரி. 18 மாதமாகியும் நடக்காவிட்டால், ஒரு பக்கக் கை காலை மட்டும் பாவித்தால், காட்ட வேண்டும்.

வோக்கர் வாங்க வேண்டாம். அது நடக்கக் கற்றுக் கொடுப்பதில்லை, பிந்த வைக்கிறது. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபட்ட பிள்ளைகள் ஏராளம். கனடா 2004இல் விற்பனையையே தடை செய்துவிட்டது. தரையில் பாய் விரித்து விடுங்கள், போதும்.

முந்தி எல்லாரிட்டையும் போவாள். இப்ப அப்பப்பாவைக் கண்டாலே கத்துறாள்.

எட்டு மாதமளவா? அப்படியானால் நல்ல செய்தி. முன்பு அவளுக்கு முகங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்று. இப்போது தன்னவர் யார் என்று பிரித்தறிகிறாள். கண்ணுக்குத் தெரியாமல் போன பொருள் எங்கோ இருக்கிறது என்பதும் இந்தக் காலத்தில்தான் பிடிபடுகிறது. நீங்கள் குசினிக்குள் போனால் அழுவது அதனால்தான். அப்பப்பாவைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். முகத்தைத் துவாயால் மூடித் திறந்து “கூ” காட்டட்டும். இழுத்துத் தூக்க வேண்டாம், அவளே வருவாள்.

வீட்டில தமிழ், கீழ்வீட்டில சிங்களம், நேசரியில இங்கிலீஷ். பிள்ளை குழம்பிப் போகாதா?

கொழும்பில் என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். குழம்பாது. கருவிலேயே இரண்டு மொழி கேட்ட குழந்தைகள் பிறந்ததும் இரண்டிலும் ஆர்வம் காட்டுவதை 2010இல் வெளிவந்த ஒரு ஆய்வு காட்டியது. அந்தத் தாய்மார் பேசியது ஆங்கிலமும் பிலிப்பைன்ஸ் மொழியான தகாலோக்கும். பிள்ளை “மம்மா, வத்துர வேணும்” என்று தண்ணீருக்குச் சிங்களச் சொல்லைக் கலந்து சொல்வது குழப்பமில்லை. தெரிந்த சொல்லை எங்கிருந்தாவது எடுத்துக் காரியத்தை முடிக்கிறது. எத்தனை சொல் தெரியும் என்று எண்ணும்போது மூன்று மொழியையும் சேர்த்து எண்ணுங்கள்.

அதற்காகத் தமிழை விட்டுவிடாதீர்கள். 1984இல் வேர்க்கர், ரீஸ் என்ற ஆய்வாளர்கள் ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் ‘த’, ‘ட’ ஒலிகளைக் கேட்கவைத்தார்கள். ஏழு மாதத்தில் வேறுபாடு பிடிபட்டது. ஒரு வயதாகும்போது பெரும்பாலும் போய்விட்டது, கேட்காததால். நம் பிள்ளைகளுக்கு ‘த’வும் ‘ட’வும், ‘ல’வும் ‘ள’வும் காதில் விழ வேண்டிய காலம் அந்த முதல் வருடம். பிள்ளை ஆங்கிலம் பழகட்டும் என்று தடுமாறித் தடுமாறிப் பேசும் தாய்மாரிடம் நான் சொல்வது: உங்களுக்கு எந்த மொழியில் கொஞ்ச வருகிறதோ அதில் பேசுங்கள். மற்றதை நகரம் கற்றுக் கொடுக்கும்.

ரெண்டு வயசாகியும் பேசேல்ல. தேப்பனும் நாலு வயசிலதான் பேசினவராம். பொறுத்துப் பாக்கவா?

பொறுக்காதீர்கள். நடப்பதில் அவ்வளவு பெரிய இடைவெளி உண்டு என்று மேலே சொன்னேன். பேச்சிலும் வேறுபாடு உண்டுதான், ஆனால் சில அடையாளங்களுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு வயதில் மழலையே இல்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை. 14, 15 மாதத்திலும் விரலால் சுட்டி “அங்கே பார்” என்று காட்டுவதில்லை. 16 மாதத்தில் ஒரு சொல்லும் இல்லை. இரண்டு வயதில் “அம்மா வா” போல இரண்டு சொல் சேர்ப்பதில்லை. வந்த பேச்சு எந்த வயதில் நின்று போனாலும் உடனே காட்டுங்கள். மூன்று மொழி என்பதும் ஆண்பிள்ளை என்பதும் இதற்குச் சாட்டு இல்லை.

முதலில் காது கேட்கிறதா என்று சோதிக்க வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரியின் (எம்.ஓ.எச்.) கிளினிக்கில் சொன்னால் பொரளையில் உள்ள சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ, றாகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு சேர்ந்த அயதி நிலையத்துக்கோ அனுப்பும் வழி சொல்வார்கள். “பேர் வைத்துவிடுவார்களே” என்று பயந்து இரண்டு வருடம் தள்ளிப்போட்ட தாய் ஒருவர், பயிற்சி தொடங்கி ஆறு மாதத்தில் பிள்ளை “தண்ணி” என்று கேட்டதை எனக்குச் சொல்லப் போன் எடுத்தார். சொல்ல முடியாமல் அழுதார். அந்த இரண்டு வருடத்தை அவருக்கு யாரால் திருப்பிக் கொடுக்க முடியும்?

போன் குடுத்தால்தான் சாப்பிடுறான். என்ன செய்ய?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொன்னது: இரண்டு வயது வரை திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வரை ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். போன் தானாகப் பேசும், பிள்ளைக்குப் பதில் சொல்லாது. பேச்சு வருவது பதிலில்தான்: பிள்ளை “ஊ” என்றால் நீங்களும் “ஊ” என்கிறீர்களே, அதில். போனைப் பார்த்துக்கொண்டு தின்னும் பிள்ளைக்கு வயிறு நிறைந்ததும் தெரியாது. மூன்று நாள் போனை ஒளித்து வையுங்கள். முதல் நாள் பட்டினி கிடப்பதுபோல் காட்டுவான். சோற்றைக் கையால் குழைத்து, ஒரு உருண்டையை அவன் கையிலும் கொடுத்து, நீங்களும் பக்கத்தில் இருந்து சாப்பிடுங்கள்.

நாலு வயசுதான், அதுக்குள்ள பொய் சொல்லுறான். இப்பவே அடிச்சுத் திருத்தோணுமா?

அடிக்க வேண்டாம். ஒரு சோதனை செய்து பாருங்கள். நம் வீடுகளில் பட்டர் பிஸ்கட் ரின்னுக்குள் ஊசி நூல்தானே இருக்கும். மூன்று வயதுப் பிள்ளையிடம் மூடியிருக்கும் ரின்னைக் காட்டி உள்ளே என்ன என்று கேளுங்கள், “பிஸ்கட்” என்பாள். திறந்து நூலைக் காட்டி மூடுங்கள். இனி, “வெளியே நிற்கும் அண்ணா உள்ளே என்ன இருக்கு என்று நினைப்பான்?” என்று கேளுங்கள். பெரும்பாலும் “நூல்” என்பாள். தனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறாள். நாலு, ஐந்து வயதில் அதே பிள்ளை சிரித்துக்கொண்டு “பிஸ்கட் எண்டு நினைப்பான்” என்று சொல்லும்.

மற்றவர் மனதில் வேறொன்று இருக்கலாம் என்று தெரிந்த பிறகுதான் நம்பும்படி பொய் சொல்ல வரும். அதே அறிவால்தான் அழுகிற தங்கச்சிக்குத் தன் பொம்மையைக் கொண்டுபோய்க் கொடுக்கவும் வருகிறது. “யார் உடைச்சது?” என்று பொறி வைத்துக் கேட்காமல், “கோப்பை உடைஞ்சுபோச்சு, வா கூட்டுவோம்” என்று சொல்லிப் பாருங்கள்.

மூண்டரை வயசு. மற்றப் பிள்ளைகள் எழுதுதுகள், இவன் பென்சிலையே பிடிக்கிறானில்லை. பெப்ரவரியில பிறந்தவன்.

அப்படியென்றால் உங்களுக்கு நேரம் இருக்கிறது. முதலாம் வகுப்புக்கு ஜனவரி 31ஆம் திகதிக்குள் ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும். பெப்ரவரிப் பிள்ளை ஐந்து வயது முடியும் வருடத்தில் போகாது, அதற்கு அடுத்த வருடம்தான் போகும், ஆறு வயதை நெருங்கும்போது. நேசரியில் அவனுக்குப் பக்கத்தில் இருக்கும், அவனுக்கு ஒரு வருடம் முந்திப் பள்ளிக்கூடம் போகப்போகும் பிள்ளை இவனைவிடப் பதினொரு மாதம் மூத்ததாக இருக்கலாம். மூன்றரை வயதில் பதினொரு மாதம் பெரிய வேறுபாடு.

மணிக்கட்டில் எட்டுச் சிறு எலும்புகள் உண்டு. பிறக்கும்போது அவை குருத்தெலும்புதான். பள்ளிக்கூடம் சேரும் வயதைத் தாண்டியும் ஒவ்வொன்றாகத்தான் எலும்பாகும். இந்த வயதில் “அ”னாவை நூறு தடவை எழுதவைத்தால் கையும் நோகும், மனமும் நோகும். இடியப்ப மாவைப் பிசையக் கொடுங்கள், பட்டாணி உரிக்கக் கொடுங்கள், சட்டைத் தெறியைத் தானே பூட்டட்டும். பின்னேரம் வெள்ளவத்தைக் கடற்கரைக்குக் கூட்டிப்போய் ஈர மணலில் விரலால் கோடு இழுக்க விடுங்கள். அலை வந்து அழித்தால் திரும்ப இழுப்பான்.